ஹாட்டிக்கு வாங்கிய துப்பாக்கி

செப்டம்பர் 9, ஞாயிறு

மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு. மான்கறி, சோள ரொட்டி, வழக்கம் போல எல்லாருக்கும் மிஞ்சுகிற அளவு. டார்சியின் பக்கத்து நாற்காலிக்காக ஹாட்டி தன் தாத்தாவையே எழுப்பிவிட்டாள். அத்தையும் மருமகளும் இடது கையில் கரண்டி பிடித்துக்கொண்டு ஒரே தாளத்தில் சாப்பிட்டார்கள். மேசை முழுக்க அதைத்தான் பார்த்தது.

"பெத்தது மேரன், வார்த்தது டார்சி," என்றார் மாமியார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கைக்குழந்தை எமெட்டுக்குப் பசி என்று சொல்லி உள்ளறைக்குப் போய்விட்டேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

என் கணவன் நோலனின் அக்கா என்பதால் டார்சி என் பெண்ணுக்குப் பாதி அம்மா ஆகிவிட முடியுமா? நோலன் எரிவாயுக் கிணற்று வேலைக்குப் போகும் இரண்டு வாரமும் அவள்தான் ஹாட்டியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறாள். கைக்குழந்தையோடு நான் அலையக் கூடாதாம். நல்ல மனசுதான். அதுதான் தாங்கவில்லை.

அடுத்த மாதம் இருபதாம் தேதி ஹாட்டிக்கு ஏழு. இந்த வீட்டில் ஏழு முடிந்தால் தானியக் கொட்டகைக்குப் பின்னால் முதல் வெடி. வெடித்த காலித் தோட்டாவைப் பேர் எழுதிச் சமையலறை ஜன்னலில் வைப்பார்கள். முதல் துப்பாக்கியை யார் கொடுக்கிறாரோ அவர்தான் பிள்ளையின் பக்கத்தில் நிற்பார். யார் கொடுப்பது என்று யாரும் பேசவே இல்லை. பேச என்ன இருக்கிறது என்பது போல எல்லாரும் டார்சியைப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 12

யார் சொன்னது அவள்தான் கொடுக்க வேண்டும் என்று?

செப்டம்பர் 16, ஞாயிறு

திராட்சையை நாலாக வெட்டிக் கொடுக்கிறவள் நான். அடுப்பை அணைத்தேனா என்று காரைத் திருப்பிக்கொண்டு வந்து பார்க்கிறவள். நான்கு நாளாக, எமெட்டுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, ரைஃபிள்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

படித்தால் எல்லாம் பிடிபடுகிறது. கல்லூரியில் புள்ளியியல் படித்தவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. சின்னத் தோட்டா, தோளில் உதை கிடையாது. செமி ஆட்டோமேட்டிக் என்றால் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு தானே காலியைத் துப்பிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும், பிள்ளை எதையும் இழுக்கத் தேவையில்லை. தோளில் பதிக்கும் கட்டை, குழல், சுடும் விசை எல்லாவற்றையும் மாற்றி நம் இஷ்டப்படி ஆக்கிக்கொள்ளலாம்.

டார்சி எப்படியும் ஏதாவது பழைய இரும்பைத்தான் கொடுப்பாள்.

செப்டம்பர் 19, புதன்

வெர்னின் கடைக்குப் போனேன். எமெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு. துப்பாக்கிக் கடையில் கைக்குழந்தையோடு நிற்பது நான் மட்டும்தான் என்று நினைத்தேன். பக்கத்தில் இன்னொருத்தி இரட்டைக் குழந்தைகளை வண்டியில் ஆட்டிக்கொண்டே மான் வேட்டைக்குத் தோட்டா வாங்கினாள்.

"நீ நோலன் பொண்டாட்டிதானே? டார்சி வரலியா?" இதுதான் வெர்னின் முதல் கேள்வி.

டார்சி இல்லாமல் நான் ஒரு கடைக்குள் வரக் கூடாதா?

அரசாங்கப் படிவத்தில் ஒரு கேள்வி: துப்பாக்கியை வாங்குவது உண்மையில் நீங்கள்தானா? பேனா நின்றுவிட்டது. "பரிசு குடுக்க வாங்கினாலும் நீ வாங்கினதுதாம்மா, ஆமான்னு போடு," என்றார். யாருக்குப் பரிசு என்றார். எரி நகரத்தில் இருக்கும் என் அக்கா மகனுக்கு என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் டார்சிக்குத் தெரிந்துவிடும். சனிக்கிழமை காலையில் அந்தக் கடையில் காபி குடிப்பது அவர்கள் இருவரும்தான்.

"வலது கைக்காரந்தானே?"

இந்த ஊரில் இடது கைக்காரக் குழந்தை என்றால் ஹாட்டிதான் என்று வெர்னுக்குத் தெரியும். "ஆமா," என்றேன்.

என் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று போனில் சரிபார்ப்பது பத்து நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் எமெட்டுக்கு இரண்டு முத்தம் கொடுத்தேன். சந்தோஷத்தில்தான்.

செப்டம்பர் 27

ஹாட்டி தூங்கும்போது முழங்கையை மடக்கி அளவெடுத்தேன். முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரை. அந்த நீளத்துக்குக் கட்டை இருந்தால்தான் பிள்ளையின் விரல் விசைக்கு எட்டும். தூக்கத்தில் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். இவளை அளவெடுக்க எனக்கு மட்டும்தான் உரிமை என்று தோன்றியது. தையல்காரி மாதிரி ஒரு பெருமை.

அக்டோபர் 4, வியாழன்

வெர்ன் கட்டையை அறுத்துக் குட்டையாக்கி, அடியில் ரப்பர் வைத்து ஒட்டியிருக்கிறார். பழைய குழலை எடுத்துவிட்டு எடை குறைந்த குழல். குறி பார்க்க, சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி. நீல நிறப் பூச்சு, ஹாட்டியின் சைக்கிள் நீலம். ஒவ்வொன்றும் நான் தேர்ந்தெடுத்தது.

விசையை இன்னும் லேசாக்கச் சொன்னேன். சின்ன விரல் அல்லவா.

"பிள்ளைக்கு இவ்வளவு லேசு வேண்டாம்மா. தும்மினாக்கூட வெடிக்கும்."

"அவன் தும்ம மாட்டான்."

"உங்க அக்கா மகன் ராணுவத்துல சேரப்போறானா?" என்று சிரித்தார். ஆனால் செய்து கொடுத்தார், என் பிடிவாதத்துக்காக.

அக்டோபர் 11

ஹாட்டி போனில் டார்சியோடு நாற்பது நிமிடம். கதவுக்கு வெளியே நின்றேன். என்னிடம் "ஸ்கூல் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்று ஒரே வரி. அவளிடம் யார் யாரைக் கிள்ளினார்கள், டீச்சரின் காலுறையில் ஓட்டை, எல்லாம்.

கடைசியில்: "அத்தை, ஏழு ஆனதும் நீதானே நிப்பே?"

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஹாட்டி சிரித்தாள். அது போதும்.

அக்டோபர் 15

நோலனிடம் போனில் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னேன். கிணற்று வேலை இடத்திலிருந்து பேசினான், பின்னால் இயந்திரச் சத்தம்.

"செமியா? ஏழு வயசுக்கா?"

"நீ எதுல ஆரம்பிச்சே?"

"ஒத்தைத் தோட்டாவுல. அப்பா, டார்சி, எல்லாருமே. ஒண்ணு போடு, ஒண்ணு சுடு, நிறுத்து. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கயேன்."

போனை வைத்துவிட்டேன். கேட்டுக்கொள்ள வேண்டுமாம்.

அக்டோபர் 20

இன்று எழுத முடியாது.

அக்டோபர் 21, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு மூச்சு வராது.

நேற்று கேக் வெட்டிய பிறகு நான்தான் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். நீலத்தைப் பார்த்ததும் ஹாட்டி கத்திக்கொண்டே என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் டார்சியைப் பார்த்தேன். பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன், மகளைப் பார்க்க வேண்டிய நேரத்தில். டார்சி முகத்தில் ஒன்றும் இல்லை. "அழகா இருக்கு, மேரன்," என்றாள். நோலனின் வண்டி வழியில் தாமதம், இன்னும் வந்து சேரவில்லை. காத்திருக்கலாம் என்றார் மாமனார். நான்தான் வெளிச்சம் போய்விடும் என்றேன்.

கொட்டகைக்குப் பின்னால் மண்மேட்டில் தகர டப்பா. ஹாட்டிக்குக் காதடைப்பு, கண்ணாடி எல்லாம் போட்டுவிட்டேன். மாலை வெயில் என்று அவள் ஜாக்கெட்டைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கை வரை மடித்து விட்டதும் நான்தான். பத்துத் தோட்டாவும் நிரப்பினேன்.

டார்சி பின்னாலிருந்து மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஒண்ணே ஒண்ணு போடு," என்றாள்.

கேட்டது. நானும் காதடைப்பு போட்டிருந்தேன், ஆனாலும் கேட்டது. கேட்காத மாதிரி நின்றேன்.

ஹாட்டி இடது தோளில் வைத்துச் சுட்டாள். டப்பா ஆடியது. அந்தத் துப்பாக்கி காலித் தோட்டாவை வலது பக்கம் துப்பும். வலது கைக்காரனுக்கு அது வெளியே போகும். இடது கைக்காரிக்கு வலது கைதான் முன்னால் தாங்கிப் பிடித்திருக்கும், அந்தக் கையின் மேலேயே விழும். கொதிக்கக் கொதிக்க, மடித்த சட்டை மடிப்புக்குள்.

அலறிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். அம்மாவிடம்தானே திரும்புவாள். துப்பாக்கியோடு திரும்பினாள். விரல் விசையில். அது தானே அடுத்ததை ஏற்றி வைத்திருந்தது, தும்மினால் வெடிக்கிற விசையோடு.

ஹாட்டியை ஒட்டி வந்து நின்றிருந்த டார்சி குழலைக் கீழே அழுத்திவிட்டாள். குண்டு என் பூட்ஸுக்கு ஒரு சாண் முன்னால் மண்ணில் இறங்கியது. எனக்குப் பின்னால் கொட்டகை ஓரமாக மாமியார் எமெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற திசை — வேண்டாம். அதை எழுத மாட்டேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. டார்சி தோட்டாக்களை எடுத்துத் துப்பாக்கியைப் புல்லில் வைத்தாள், ஹாட்டியின் சட்டையை அவிழ்த்தாள், முழங்கை மடிப்பில் பட்டாணி அளவுக்குச் சிவந்திருந்தது. "அம்மாகிட்ட போ," என்று என் பக்கம் தள்ளினாள்.

எத்தனையோ பக்கம் படித்தேன். இடது கை என்ற சொல்லை மட்டும் தேடவே இல்லை. அது டார்சியுடைய சொல் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 22

ஹாட்டி கேட்டாள்: "உன்னைச் சுடப் பாத்தேனா அம்மா?"

இல்லை கண்ணு. இல்லை.

அக்டோபர் 25, வியாழன்

டார்சி வந்தாள். நோலன் எமெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். காபி போட்டேன். சர்க்கரை எத்தனை என்று ஒன்பது வருடம் கழித்து இன்றுதான் கேட்கிறேன்.

"வெர்ன் எந்தக் கைன்னு கேட்டாரு. பொய் சொன்னேன்," என்றேன்.

"ஏன்?"

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு."

டார்சி கோப்பையைத் தள்ளி வைத்தாள். "உன்னைத் திட்டணும்னு நாலு நாளா வண்டில ஒத்திகை பாத்தேன். நல்லா வந்துச்சு. அழுதுருப்பே."

"இப்ப திட்டேன்."

"திட்டு எல்லாம் சுத்திச் சுத்தி ஒரே எடத்துக்குத்தான் வருது, மேரன். அவ பயந்ததும் உன் பக்கம் திரும்பினா. நான் அவளுக்கு ஒரு அடி பக்கத்துல நின்னேன். உன் பக்கம்தான் திரும்பினா." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ராத்திரி ஜுரம்னா எவ பேரைச் சொல்லி எழுப்புவா? நான் அதையெல்லாம் நினைக்கிறது உண்டு. அசிங்கமாத்தான் இருக்கும்."

அவளுக்கும் பொறாமை இருக்கிறதா? என் மேலா?

ஹாட்டி பிறந்த வாரமே ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஒன்று வாங்கி வைத்தாளாம். ஏழு வருடமாக அலமாரியில். "உன்னைக் கேக்காம அதை வாங்க நான் யாரு? அதுவும் தப்புதான்," என்றாள்.

கோப்பையை அவளே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 3

நீலத் துப்பாக்கியை வெர்னிடம் திருப்பிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. விசையைப் பழையபடி மாற்றாமல் விற்க மாட்டேன் என்றார். "குட்டைக் கட்டைக்கு எவன் வரப்போறான்?" என்று முனகிக்கொண்டே உள்ளே எடுத்துப் போனார்.

ஹாட்டி இரண்டு வாரமாக எந்தத் துப்பாக்கியையும் தொடவில்லை. புண் ஆறிவிட்டது.

நவம்பர் 17

"அத்தை நிக்கட்டுமா?" என்று நானே ஹாட்டியிடம் கேட்டேன். சொல்லும்போது வயிறு எரிந்தது. பொய் எழுத மாட்டேன், எரிந்தது.

நவம்பர் 23, வெள்ளி

நேற்றைய நன்றித் திருநாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியைச் சாப்பிட்டுவிட்டு, டார்சி அலமாரியில் வைத்திருந்த ரைஃபிளோடு கொட்டகைக்குப் பின்னால் போனோம். லேசாகப் பனி. ஹாட்டி அத்தையின் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நடந்தாள். நான் எமெட்டை நோலனிடம் கொடுத்துவிட்டு, தள்ளியே நின்றேன். ஹாட்டியின் பக்கம் டார்சியின் இடம், இன்று.

டார்சி தோட்டாப் பெட்டியை என்னிடம் நீட்டினாள். "இது உன்கிட்ட இருக்கட்டும். இந்தத் துப்பாக்கில ஒண்ணுதான் போட முடியும். ஒவ்வொண்ணா நீ குடு. இல்லாட்டி அவசரப்படுவா."

பெட்டியோடு ஹாட்டியின் பின்னால் வந்து நின்றேன். டார்சியே பையில் வைத்துக்கொண்டு கொடுத்திருக்கலாம். வேண்டுமென்று செய்தாளா? கேட்கவில்லை.

ஹாட்டி சுட்டாள். முதல் காலியை டார்சி ஆறவைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள், ஜன்னலுக்கு. பிறகு ஹாட்டி துப்பாக்கியைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி, தலையைத் திருப்பாமல், உள்ளங்கையைப் பின்னால் நீட்டினாள். ஒன்று வைத்தேன். விரல்கள் சில்லிட்டிருந்தன. சுட்டாள், நிறுத்தினாள், மறுபடி கையை நீட்டினாள்.

பதினான்கு முறை நீட்டினாள். பெட்டியில் இன்னும் இருந்தன. அவளுக்குத்தான் குளிர் தாங்கவில்லை.