காதில் விழுந்தால்தான் தீட்டு

பிப்ரவரி 4
கரமனையில் இவருடைய பெரியப்பா பிள்ளை போய்விட்டார். பங்காளி, பத்து நாள் தீட்டு. எட்டாம் தேதி எங்கள் மீராவின் கல்யாணம். அது போச்சு. பத்திரிகைகள் மேஜைமேல் அடுக்கியபடியே கிடக்கின்றன.

மார்ச் 3
ஆற்றுக்கால் அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் நாள். வலியசாலைத் தெரு முழுக்க அடுப்பு. நான் வைக்கவில்லை, இவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். நுரையீரலில் கேன்சர். ஆறு மாதம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் இவர், "மீரா கல்யாணத்தைப் பாத்துட்டாப் போறும் ராஜி" என்றார்.

மே 19
ஸ்ரீவராகத்தில் இவருடைய சித்தப்பா காலமானார். கல்யாணத்துக்கு மூன்றே நாள்! மாப்பிள்ளை மஹேஷ், "சாரமில்லை அம்மா, பரவாயில்லை, அடுத்த முகூர்த்தம் பாப்போம்" என்றான். அவனுக்குச் சாரமில்லை. எனக்கு? எல்லாப் பங்காளிகளும் இந்த வருஷம்தான் சாக வேண்டுமா? சே, என்ன எழுதுகிறேன்.

ஜூன் 24
கிழக்கேகோட்டையில் முழங்கால் வரை மழைத் தண்ணீர். எங்கள் தெருவில் இன்றைக்கும் ஒரு சாவு, இந்த வருஷம் ஏழாவது.

ஆகஸ்ட் 25
அம்பாசமுத்திரத்தில் இவருடைய அண்ணா கைலாசம் படுத்த படுக்கை. போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார் இவர். இந்த உடம்போடா?

செப்டம்பர் 2
நாளை மறுநாள் மீரா கல்யாணம், மூன்றாம் முறை குறித்த நாள். விடிந்ததும் இவர் போன் அடித்தது. மன்னி, அண்ணாவின் மனைவி. நான் எடுக்கவில்லை. எதற்கு இருக்கும்? எனக்குத் தெரியாதா? ஆனால் காதில் விழுந்தால்தானே தீட்டு! இரண்டு போனையும் அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டேன். இவர் கேட்டபோது ரிப்பேர் என்றேன்.

செப்டம்பர் 4
தாலி ஏறியது. தாரை வார்க்கும்போது மீரா இவர் மடியில் உட்கார வேண்டும். தாங்குவாரா என்று நடுங்கினேன். தாங்கினார். சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கு வேறென்ன வேண்டும்?

செப்டம்பர் 5
மன்னியைக் கூப்பிட்டேன். அண்ணா போனது நேற்றுச் சாயங்காலம்தானாம்.

நேற்று. அப்படியானால் அன்றைக்கு வந்த போன்?

"தம்பி சீனுகிட்ட ஒரு வார்த்தை பேசணும், போட்டுக் குடுன்னார்டி. ரெண்டு நாளும் போட்டுண்டே இருந்தேன். ஆஃப்லேயே இருந்துது."

மன்னி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான்.

இவரிடம் அண்ணா போனதை மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 15
தீட்டுக் கழிந்தது. மத்தியானம் கஞ்சி கொடுக்கும்போது இவர், "கடைசியா ஒரு போன் பண்ணியிருக்கலாமோன்னோ அண்ணா? என்னை நினைக்கவே இல்லை பாரு" என்றார்.

"ஆமான்னா" என்றேன்.