கண்ணாடியில் தெரிந்த பள்ளிக்கூடம்

செப்டெம்பர் 22, திங்கள்

எட்டரை வரை மூடுபனி. வைப்பர் போடவும் தேவையில்லை, போடாமலும் இருக்க முடியவில்லை.

புது ரூட்டில் மூன்றாம் கிழமை. கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்தினால் பதினொரு நிமிடம் ஓய்வு. இந்தக் கொப்பி அதற்காக வாங்கியது. வதனிக்குத் தெரியாது. தெரிந்தால் கல்யாணம் கட்டி இருபது வருடமாக ஒரு வாழ்த்து மட்டையாவது எழுதித் தந்ததுண்டா என்று கேட்பாள்.

விஷயம் இதுதான். மகள் ஆரணிக்குப் பத்து வயது. அடுத்த செப்டெம்பரில் பெரிய பள்ளிக்கூடம். கிங்ஸ்பரியில் இப்போது இருப்பது கடைக்கு மேலே இரண்டு அறை. றைஸ்லிப் பக்கத்து அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் வதனிக்குக் கண். அதன் அருகில், நாலு பஸ் தரிப்புத் தூரத்தில், வாடகைக்கு ஒரு வீடும் பார்த்துவிட்டாள். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நேர்கோட்டில் அளந்துதான் இடம் கொடுப்பார்களாம். போன் வரைபடத்தில் கோடு கிழித்துக் கிழித்து அவள் விரல் தேய்ந்துவிட்டது. இந்த ஒக்டோபர் முடிவதற்குள் விண்ணப்பம். அதற்கு முன் வீடு மாற வேண்டும்.

வ.வின் ஃபைலில்: பரீட்சை முடிவுகள். இன்ஸ்பெக்ஷன் அறிக்கை. புதிய விஞ்ஞான லாப். பதினெட்டு வயது வரை அங்கேயே படிக்கலாம். பின்னேரம் வீட்டுப்பாடக் கிளப். தமிழ்ப் பிள்ளைகள்: "கனக்கவும் இல்லை, இல்லாமலும் இல்லை."

என்னிடம் ஃபைல் இல்லை. ஆனால் என் புது ரூட் அந்தப் பள்ளிக்கூட வாசலால் போகிறது. வ. இதை நல்ல சகுனம் என்கிறாள்.

காலை எட்டுப் பத்துக்கு அந்தப் பள்ளிக்கூடத்துப் பச்சை ஸ்வெட்டர்கள் ஏறும். இன்று பனிக்குள்ளிருந்து முதலில் சத்தம் வந்தது, பிறகுதான் பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒன்றாக ஆரணியை வைத்துப் பார்த்தேன். ஈரத் தலைமுடி, கார்டைத் தட்டுகிறாள், "குட் மோர்னிங் அப்பா." பின்னால் வந்த வான்காரன் ஹோர்ன் அடித்த பிறகுதான் கதவை மூடினேன்.

செப்டெம்பர் 24, புதன்

வெயில். கூலிங் கிளாஸ் வீட்டில்.

பஸ்ஸின் உட்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தவை:
– இறங்கும்போது தாங்க் யூ சொன்னவர்கள் பாதிக்கு மேல். நடுக்கதவால் இறங்குகிறவர்களும் சத்தம் போட்டுச் சொல்கிறார்கள்.
– தள்ளுவண்டியோடு ஒரு தாய் ஏறினாள். நான் வாய் திறக்க முன் இடம் விட்டார்கள்.
– ஒருவன் சிப்ஸ் பையை சீட்டுக்குக் கீழே தள்ளினான். கழித்தல் ஒன்று.
– இரண்டு பெண்பிள்ளைகள் பெரிய வாக்குவாதம். காதல் கீதல் என்று காதைக் கொடுத்தால், எரிமலைப் பாடம்.

வ.விடம் சொன்னேன். பஸ்ஸை வைத்துப் பள்ளிக்கூடத்தை எடை போட முடியாது என்றாள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், நான் தினமும் பானையையே ஏற்றி இறக்குகிறேன் என்றேன். சிரித்துவிட்டாள். அவள் சிரித்தால் எனக்கு எந்த வீடும் சரி.

பின்னேரம் அந்த வீட்டை வெளியே நின்று பார்த்தோம். பின்வளவில் ஒரு ஆப்பிள் மரம். ஆட்கள் போய்விட்டார்கள் போல, பழம் எல்லாம் புல்லில் கிடக்கிறது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. மூன்று பேரும் கொஞ்ச நேரம் ஏன் என்று தெரியாமல் மெதுவாகக் கதைத்தோம். வருகிற சனிக்கு அடுத்த சனிக்குள் ஏஜெண்டுக்கு முடிவு சொல்ல வேண்டும்.

செப்டெம்பர் 26, வெள்ளி

மழை. பால் வாங்க மறந்தேன்.

மூன்று இருபதுக்குப் பள்ளிக்கூட வாசல். நனைந்த பிள்ளைகள் எல்லாம் கதவடியில் நெருக்கம். மைக்கில் சொன்னேன்: "ப்ளீஸ் மூவ் இன்சைட்." உடனே உள்ளேயிருந்து ஒரு குரல் அதையே திருப்பிச் சொன்னது. என் இழுவை, என் 'ஸ', என் மூக்கு எல்லாம் அப்படியே. நாலைந்து பேர் வெடித்துச் சிரித்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். சுருட்டை முடி, பல்லில் கம்பி, பதினான்கு வயது இருக்கும். இரண்டாம் தரம் இன்னும் நன்றாகச் செய்தாள்.

கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. இறங்கும்போது தாங்க் யூகூடச் சொன்னாள்.

இதைவிட எவ்வளவோ கேட்டிருக்கிறேன். குடிவெறிகாரர் துப்பியும் இருக்கிறார்கள். அதெல்லாம் யூனிஃபோர்மோடு கழன்றுவிடும். இது கழலவில்லை. ஏனென்றால் திங்கள் காலையில் அந்தக் கூட்டத்தில்தானே ஆரணியை வைத்துப் பார்த்தேன். அவர்கள் சிரிக்கும்போது அவள் எங்கே நிற்பாள்? சிரிப்பாளா? தரையைப் பார்ப்பாளா? யார் இந்த ட்ரைவர் என்று பஸ்ஸின் மேல்தட்டுக்குப் போய்விடுவாளா?

வ.விடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஃபைலை மூடிவிடுவாள். ஒரு சொல் போதும். அந்தச் சொல் என் வாயில் இருக்கிறது.

செப்டெம்பர் 28, ஞாயிறு

மத்தியானம் ஆட்டிறைச்சி. சாப்பாடு இறங்கவில்லை. உப்புக் கூடவோ என்று வ. இரண்டு தரம் கேட்டாள்.

ஆரணி தன் அறையில் மச்சாளோடு வீடியோவில். கதவு பாதி திறந்திருந்தது. நான் காஸ் கொம்பனிக்குப் போன் எடுப்பதை நடித்துக் காட்டுகிறாள். "ஹலோ, ஐ ஆம் காலிங் அபௌட் மை பில்." அந்த இழுவை. அந்த மூக்கு. நடுவில் நான் தொண்டை செருமுவதுகூட விடுபடவில்லை. நின்று கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். என்ன கெட்டிக்காரி.

குளியலறைக்குப் போய் முகம் கழுவும்போதுதான் உறைத்தது. அதே குரல், அதே விளையாட்டு. என் பிள்ளை செய்தால் கெட்டித்தனம், ஊரார் பிள்ளை செய்தால் பள்ளிக்கூடம் சரியில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் நல்ல நீதிபதி.

ஆனாலும் முழுக்க ஆறவில்லை. எழுதி வைக்கிறேன், பொய் எழுத இதை யார் பார்க்கப் போகிறார்கள்.

ஒக்டோபர் 2, வியாழன்

குளிர் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் பார்க்கும் நாள், பின்னேரம் ஆறரைக்கு. நீலச் சேர்ட் போட்டேன்.

குடும்பத்துக்கு ஒரு மாணவர் சுற்றிக் காட்டுவாராம். வரிசையில் நின்றோம். எங்களுக்கு வந்தவள் சுருட்டை முடி, பல்லில் கம்பி.

அவளுக்கு என்னைத் தெரியவில்லை. ட்ரைவரின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறவனுக்கு முகம் இல்லை, குரல்தான். ஆகவே வாயைத் திறக்காமல் நடந்தேன். லாப், நூலகம், மேடை. ஜன்னலுக்கு வெளியே மைதானம், இரண்டு மூன்று விளக்குகள், புல் நீலமாகத் தெரிந்தது. கனவுக்குள் யாருடைய வீட்டையோ சுற்றிப் பார்ப்பது மாதிரி ஒரு மிதப்பு.

அவள் ஆரணியோடு மட்டும் கதைத்தாள். எந்தக் கழிவறை சுத்தம், மத்தியானம் தனியே நின்றால் எந்த மேசையில் போய் இருக்கலாம். முதல் கிழமை தானும் படிக்கட்டில் இருந்து அழுததைச் சொன்னாள். அந்தப் படிக்கட்டையும் காட்டினாள். ஆரணி அதில் ஒரு நிமிடம் இருந்து பார்த்தாள். அப்போது எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. கோபமும் போகவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

வ. என் விலாவில் இடித்தாள். "வாயுக்கை என்ன கொழுக்கட்டையோ? ஏதாவது கேளுங்கோவன்."

வாசலில் பிரியும்போது சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. "தாங்க் யூ" என்றேன். அவள் பார்வை என் முகத்தில் நின்றது. காது இரண்டும் சிவந்தன. ஏதோ சொல்ல வந்தாள், அதற்குள் அடுத்த குடும்பத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒக்டோபர் 4, சனி

காற்று. ஏஜெண்ட் வீட்டுக்குள் விட்டார். வெறும் அறைகள், எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கு முன்னால் போனது. மேலே சின்ன அறை ஆரணிக்கு. ஜன்னலில் ஆப்பிள் மரம்.

வ. கீழே குசினியில் கேட்டாள்: "ஓமோ, இல்லையோ? நீங்கள் சொன்னாத்தான் நான் சொல்லுவன்." ஐந்து நிமிடம் தா என்றுவிட்டு மேலே போனேன். ஆரணி நிலத்தில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நானும் படுத்தேன்.

"சிநேகிதப் பிள்ளையளோடை நீ அப்பான்ரை பஸ்ஸிலை ஏறினா என்ன செய்வாய்?"

"ஹாய் சொல்லுவன். பிறகு மேலை போயிடுவன்."

ஏன் என்று கேட்டேன்.

"நீங்கள் கண்ணாடியிலை என்னையே பாத்துக்கொண்டிருப்பீங்கள் அப்பா. நான் எப்பிடி அவையோடை கதைக்கிறது?"

நான் எதிர்பார்த்துப் பயந்த காரணம் வேறு. வந்தது வேறு. இதுவும் நொந்தது, ஆனால் இதில் பொய் ஒன்றும் இல்லை. நாலு கிழமையாக ஊரார் பிள்ளைகளையே கண்ணாடியில் நோண்டிக்கொண்டிருக்கிறேன். சொந்தப் பிள்ளை கிடைத்தால் ரோட்டைப் பார்ப்பேனா?

கீழே போய் ஓம் என்றேன். வ. என் முகத்தைப் பார்த்துவிட்டு, அழுதீங்களோ என்றாள். தூசி என்றேன்.

ஒக்டோபர் 6, திங்கள்

வெளிச்சம் குறைவு. இலை விழுந்து ரோட் வழுக்கல்.

வேலை முடிந்து கராஜில் ரூட் பிரித்துக் கொடுக்கும் கோஃபி என்பவரிடம் போனேன். அடுத்த செப்டெம்பரிலிருந்து எனக்கு வேறு ரூட் வேண்டும் என்றேன். மரமும் பிள்ளைகளும் உள்ள ரூட், மற்ற ட்ரைவர்கள் இது வேண்டுமென்று அடிபடுகிறார்கள், உனக்கு என்ன பிடித்தது என்றார். அதில் என் மகள் போகப்போகிறாள் என்றேன். இடம் கிடைத்துவிட்டதா என்றார். இல்லை, மார்ச்சில்தான் தெரியும் என்றேன். மகள் போவதென்றால் வைத்திருக்கத்தானே வேண்டும் என்றார்.

அதனால்தான் விடுகிறேன் என்றேன்.

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு மூன்று மகள்கள். பிறகு பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.