பாலத்து வெள்ளைக் கோடு

மார்ச் 2
கார் சீட்டுக்கு உறை தைக்கிற கையில் கட்டைவிரல் வீங்கினால் எப்படி? இன்று இரண்டுதான் முடிந்தது. "மெஷின் கடிச்சிருச்சா?" என்றார் கடைக்கார அக்கா. ஆமாம் என்றேன். மெஷின் பாவம், வாயில்லாத பிராணி. கார் கதவை என் கைமேல் அறைந்து சாத்தியது என் வீட்டுக்காரர்.

மார்ச் 5
எதற்குச் சாத்தினார்? இடம் மாற நேரமாக்கினேனாம்.

எழுதி வைக்கிறேன். ஆற்றுப்பாலத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு அப்பால் வேறு மாநிலம். அங்கே குடித்துவிட்டு ஓட்டினாலும் அபராதம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். இங்கே ஒருமுறை மாட்டி உரிமத்தைப் பறிகொடுத்துவிட்டார். மறுபடி மாட்டினால் ஜெயில். அதனால் சனிக்கிழமைதோறும் கோடு வரை நான் ஓட்ட வேண்டும். அங்கே இடம் மாறுவோம். அக்கரையில் மூக்கு முட்டக் குடித்துவிட்டுக் கோடு வரை அவர் ஓட்டுவார். மறுபடி மாறுவோம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று இவரைப் பார்த்துத்தான் சொன்னார்களோ!

மார்ச் 8
நேற்று அக்கரையில் வேண்டுமென்றே ஒரு நாயின்மேல் ஏற்றினார். சிரித்தார். "ஐயோ" என்றேன். பாட்டிலால் வாயிலேயே அடித்தார். முன்பல் போயிற்று. கோடு வந்ததும், "ம், ஓட்டு." ரத்தத்தை விழுங்கி விழுங்கி ஓட்டினேன்.

இறங்கும்போது சொன்னார்: "அடுத்த வாரம் பாப்பாவயும் கூட்டிட்டு வா. கொழந்த இருந்தா போலீஸ் சாவடியில நிறுத்த மாட்டாங்க."

என் குழந்தையையா? அந்த வண்டியிலா?

மார்ச் 10
அண்ணன் போனில்: "அவர உள்ள தள்ளிட்டா உன்ன யாரு பாத்துப்பா? கல்லானாலும் கணவன்மா."
கல் நல்லதண்ணா, போட்ட இடத்தில் கிடக்கும்.

மார்ச் 11
பாலத்தின் இக்கரை முனையில் இருக்கும் சோதனைச் சாவடிக்குப் போனேன். போலீஸ்கார அம்மா என் வாயையே பார்த்தார். "அடிச்சதுக்குப் புகார் குடும்மா." கொடுத்தால் மாலையே ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிடுவார், அப்புறம்? சனிக்கிழமைக் கதையைச் சொன்னேன். "அந்தப் பக்கம் ஓட்டுறதுக்கு நான் கை வைக்க முடியாது. கோட்டத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது ஸ்டீரிங் அவர் கையில இருக்கட்டும். மத்தத நான் பாத்துக்கிறேன்."

மார்ச் 13
தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன. நாளை சனி. பாப்பாவை அண்ணன் வீட்டில் விடக் கேட்டேன். தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

ஏப்ரல் 4
இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. ஆஸ்பத்திரிக் கட்டில். இடுப்பில் கம்பி.

அந்தச் சனிக்கிழமை திரும்பும்போது கோட்டில் நின்றான். ஆமாம், நின்றான். இனி அவனுக்கு ‘ர்’ கிடையாது. இடம் மாற இறங்கினோம். நான் பின்கதவைத் திறந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சாவடியைப் பார்த்து நடந்தேன். "ஏறுடி! ஏறி ஓட்டுடி!" நடந்தேன். திரும்பவில்லை. எஞ்சின் உறுமியது. திட்டிக்கொண்டே பின்னால் ஓட்டி வந்து, பக்கத்தில் நின்றுவிடுவான் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி எங்கள்மேலேயே வந்தான். பாப்பாவை நடைபாதைக்கு வீசினேன். எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. கார் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. கண்ணாடி வழியே என்னை முறைத்துக்கொண்டு, ரத்த முகத்தோடு, அப்போதும் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தான் பாவி.

பாப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். அவளைக் கொன்றிருந்தால்? நான்தானே இறக்கித் தூக்கிக்கொண்டு நடந்தேன்? இந்தக் கேள்வி என்னை விடப்போவதில்லை.

செப்டம்பர் 17
கோர்ட். "எந்தப் பக்கத்துல இடிச்சாரு? கோட்டுக்கு அந்தப் பக்கம்னா இந்தக் கோர்ட்டுக்கே வேலையில்ல" என்றார் அவன் வக்கீல். போலீஸ்கார அம்மா படத்தை நீட்டினார். ரத்தக்கறை இக்கரையில், கோட்டிலிருந்து ஒரு பஸ் நீளத்துக்கு உள்ளே. அவ்வளவு தூரம் நடந்திருக்கிறேன்.

ஏழு வருடம். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். போகட்டும்.

டிசம்பர் 12
சனிக்கிழமை. உறைத்துணி வாங்க, கடை வேனை ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனோம், நானும் பாப்பாவும். வெள்ளைக் கோடு வந்ததும் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. கை கதவுப் பிடிமேல். பின்னால் லாரிக்காரர் ஹாரனிலேயே என் பரம்பரையைத் திட்டினார்.

"ஏம்மா நிக்கிற? யாரும் எறங்கலயே" என்றாள் பாப்பா.

கிளப்பினேன்.