பல்வலிக்கு விழுந்த பங்கு

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், இல்லையென்றால் இல்லை என்றே எழுது, எங்களுக்காக மறைக்காதே. கையில் போனை வைத்துக்கொண்டு இதென்ன புதுப் பழக்கம் என்று நீ சிரிப்பாய். காரணம் இருக்கிறது. போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார், ஸ்பீக்கரைப் போட்டால் எதிர்வீட்டு ரேடியோ மாமாவுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, உடனே வந்து உட்கார்ந்துவிடுவார். இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒரு வாரமாவது ஆகும், அதற்குள் இதிலிருக்கிற சேதியெல்லாம் ஆறிப்போய்விடும், இதை வைத்து யாரும் ஒரு பங்கை வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது. அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

நீ அந்த மீட்டர் கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்த அன்றே சொன்னாய், ஆபீஸ் விஷயம் எதையும் வீட்டில் பேசமாட்டேன், நீங்களும் கேட்கக் கூடாது, அது சட்டம் என்று. அப்பா தலையைத் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, நீ ஊருக்குக் கிளம்பிப் போன மறுவாரமே ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோய் அதே கம்பெனியின் பங்கில் போட்டுவிட்டு வந்து நின்றார். நான் கத்தினேன், நீயும் போனில் திட்டினாய், திட்டிவிட்டு அப்பா பங்கு வாங்கியதை ஆபீஸில் முறையாக எழுதிக் கொடுத்தாய். அவர் உனக்கு என்ன பதில் சொன்னாரோ தெரியாது, என்னிடம், என் பொண்ணு உக்காந்திருக்கிற கட்டடத்துல எனக்கும் ரெண்டு செங்கல் இருக்கட்டுமேன்னுதான் வாங்கினேன் என்றார். அதற்கு மேல் அந்த மனுஷனோடு என்ன சண்டை போடுவது. நம் வீட்டுச் சுவரில் இருக்கிற கரண்டு மீட்டரும் உங்கள் கம்பெனியில் செய்ததுதான் என்று தெரிந்ததிலிருந்து அதை ஈரத்துணியால் துடைக்கக் கிளம்பினார், உயிர் போய்விடும் என்று நான் போட்ட சத்தத்தில் காய்ந்த துணிக்கு மாறினார். அதோடு விட்டாரா, போகிற இடமெல்லாம் என் பொண்ணு கம்பெனி என் பொண்ணு கம்பெனி என்று சொல்லப்போய் மருந்துக்கடைக்காரர் வாங்கினார், உன் சித்தி வாங்கினாள், ரேடியோ மாமாவும் வாங்கினார். அவர் வாங்கினால் தெருவுக்கே தெரிந்த மாதிரிதான், அவருக்கு அணைக்கிற பொத்தான் வைக்காமலே விட்டுவிட்டார்கள்.

அப்புறம் தேர்தல் வந்தது. ஆட்சியில் இருக்கிறவர் வீட்டுக்கு வீடு புது மீட்டர் என்றார், அந்த ஆர்டர் உங்கள் கம்பெனிக்குத்தான் என்று பேச்சு. எதிர்க்கட்சித் தலைவர் மேடை ஏறி, நான் வந்தால் இந்த மீட்டரையெல்லாம் பிடுங்கிக் கடலில் போடுவேன் என்றார், பங்கு விழுந்தது. இரண்டு நாள் கழித்து, நான் சொன்னது பழைய மீட்டரை என்றார், பங்கு எழுந்தது. கடல் பாவம். உன் அப்பா குடிநீர் வாரியத்தில் காலமெல்லாம் குழாயின் அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்தே பழகியவர் இல்லையா, தண்ணீர் இருந்தால்தான் அந்த முள் ஏறும். இங்கே ஒருத்தர் மைக்கில் தும்மினாலே முள் ஏறி இறங்குவது அவருக்குத் தாங்கவில்லை. தாங்காமல் செய்தி சேனல் பார்க்க ஆரம்பித்தார், ஒன்றில்லை இரண்டு. ஒன்றை நடத்துகிறவர் ஆளுங்கட்சிக்காரரின் மச்சானாம், மற்றதை நடத்துகிறவர் எதிர்க்கட்சிக்காரரின் மருமகனாம். ஒன்றில் உங்கள் மீட்டர் நாட்டையே தூக்கி நிறுத்தும், மற்றதில் அதே மீட்டர் வீட்டையே கொளுத்தும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் நடுவிலே உண்மை இருக்கும் என்பது அவர் கணக்கு. ரெண்டு பொய்யைக் கூட்டி ரெண்டால வகுத்தா உண்மையா வரும், அதுவும் ஒரு பொய்தான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன், என்னைச் சும்மா இரு என்றார். ஒரு நாள் உங்கள் ஆலையின் கேட்டைக் காட்டினார்கள், இவ்வளவு பெரிய பூட்டு தொங்குகிறது, ஆலை மூடல், தொழிலாளர்கள் தெருவில் என்று ஒரு பையன் மூச்சு முட்டக் கத்துகிறான். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான்தான், இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க, அவ இப்பதான் துணி காயப்போட்டுக்கிட்டே பேசினா, லீவு நாள்ல கேட்டைத் திறந்தா வெச்சிருப்பாங்க என்றேன். மறுநாள் திரைக்கு அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி ஓடியது, நேற்றைய படம் விடுமுறை நாளில் எடுத்தது என்று. பூட்டை ஊரே பார்த்தது, அந்த வரியை நான் ஒருத்திதான் பார்த்திருப்பேன். அதற்குள் உன் சித்தி பாதிப் பங்கை விற்றுவிட்டிருந்தாள்.

சேனலை நம்ப முடியவில்லை என்று ஆனதும் இந்த ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, என் மூஞ்சியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெற்றவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று. என் தையல் கடைக்கு இவ்வளவு கூட்டம் நான் பார்த்ததே இல்லை. நன்றாக ஓடுகிற ஜிப்பை மாற்றித் தரச்சொல்லிக் கொண்டுவருகிறார்கள், சரியாக இருக்கிற பேண்டைச் சுருக்கச் சொல்கிறார்கள், அளவெடுக்க நான் குனிந்தால் மேலேயிருந்து ஒரு கேள்வி வரும், பொண்ணு பேசினாளா, குரல் எப்படி இருந்துச்சு, லீவுக்கு வர்றேன்னு சொன்னாளா என்று. நீ லீவுக்கு வந்தால் அதற்கு ஒரு அர்த்தம், வராவிட்டால் அதற்கு ஒரு அர்த்தம். எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது என்று சொன்னேனே, அந்த வாரம்தான் கூத்து. கன்னம் வீங்கி, கண் சிவந்து, கடையை மத்தியானமே சாத்திவிட்டு மருந்துக்கடைக்குப் போனேன். மருந்துக்கடைக்காரர் தன் கையாலேயே வலி மாத்திரை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, நான் படி இறங்கியதும் ரேடியோ மாமாவிடம், பல்வலின்னு சொல்றாங்க, ஆனா முகத்தைப் பார்த்தா அழுத முகமா இருக்கு என்றாராம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அன்று சாயங்காலத்துக்குள் நம் தெருவில் நாலு பேர் உங்கள் கம்பெனிப் பங்கை விற்றார்கள். பல்லைப் பிடுங்கியபிறகு நான் சிரித்துக்கொண்டு நடந்தேனாம், திரும்ப வாங்கினார்கள். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, அப்போதும் சிரித்தேன்தான். அடுத்ததாக நடந்ததற்குத்தான் இன்றுவரை சிரிக்க முடியவில்லை.

ஒரு மத்தியானம், வழக்கமாகப் பேசாத நேரத்தில், நீ கூப்பிட்டாய். நான் வீட்டு மெஷினில் தைத்துக்கொண்டிருந்தேன், அப்பா எடுத்தார், பழக்கம்போல ஸ்பீக்கர், பக்கத்து நாற்காலியில் ரேடியோ மாமா. நீ அப்பா என்றாய். அவ்வளவுதான், அப்புறம் உன் அழுகைதான் கேட்டது. என் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. நான் எழுந்து வருவதற்குள் உன் அப்பா, கம்பெனிக்கு ஏதாவதா கண்ணு என்று கேட்டுவிட்டார். நீ மூக்கை உறிஞ்சிக்கொள்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ரொம்பத் தெளிவான குரலில், ஒண்ணுமில்லப்பா, ஜலதோஷம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் திரும்பக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. ரேடியோ மாமா செருப்பைத் தேடக்கூட நேரமில்லாமல் ஓடினார், ஓடிப்போய்த் தன்னுடையதையெல்லாம் விற்றார். அந்த வாரமே எதிர்க்கட்சிக்காரர், மீட்டர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எங்கேயோ சொல்லிவைக்க, பங்கு ஏறிவிட்டது. மனுஷர் கடைக்கே வந்து, உங்க பொண்ணு அழுது என்னைக் கவுத்துட்டா என்றார். அவருடைய பேண்ட் என்னிடம் இருந்தது, ஒரு கால் சுருக்கியது ஒரு கால் சுருக்காதது, அப்படியே சுருட்டிக் கையில் கொடுத்து, இனிமே உங்க துணி இந்த மெஷின்ல ஏறாது என்று அனுப்பிவிட்டேன். இப்போது அதைத்தான் போட்டுக்கொண்டு நடக்கிறார், நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு நீ ஞாயிறுதோறும் பேசுகிறாய், இல்லை என்று சொல்லவில்லை. நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வேலை இருக்கு, வைக்கிறேன். நீ எங்களைத் தண்டிக்கிறாய் என்று அப்பா நினைத்தார். எனக்குத் தெரியும், நீ தண்டிக்கிறவள் இல்லை, எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு விலை போட்டுவிடுவார்கள் என்று வாயைக் கட்டிக்கொண்டாய். சந்தோஷமாக இருந்தால் சிரிக்க முடியாது, கஷ்டமாக இருந்தால் அழ முடியாது, அம்மா அப்பாவிடம்கூட. சாப்பிட்டியா என்று நான் கேட்டதைக்கூட நீ ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாய். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கிறது, உன் பெயர் தெரிகிறது, உன் அப்பா எடுக்கப் போன கையை நிறுத்தி டிவியில் ஓடுகிற வெள்ளிக்கிழமை விலையை ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்தார். அவருக்கே தெரியாமல் பார்த்தார் என்பதும் எனக்குத் தெரியும். நீ பேசி வைத்ததும் சொல்லிவிட்டேன், ஒண்ணு அந்தப் பங்கை வித்திடுங்க, இல்லன்னா இந்தப் போனை வித்திடுங்க, ரெண்டும் ஒரே வீட்ல இருக்கக் கூடாது என்று. மீட்டரைத் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்து, வித்துட்டா அவளை நம்பலைன்னு ஆயிடாதா என்று கேட்டார், குழந்தை மாதிரி. அவ குரலைக் கேட்டே எவ்வளவு நாளாச்சு என்று மட்டும்தான் நான் சொன்னேன்.

தரகரிடம் நேரில் போனோம். உங்க பொண்ணு அங்க கணக்குல இருக்கிறதால இப்ப விக்கக் கூடாது, கம்பெனி கணக்கு வெளியே வந்ததும் ஆபீஸ்காரங்க குடும்பம் விக்கிறதுக்குன்னு வாசல் திறப்பாங்க, அப்ப விக்கலாம், அதுக்கும் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும் என்றார். அதனால்தான் அன்று உன்னிடம் அந்தக் கையெழுத்தை மட்டும் கேட்டோம், காரணம் கேட்காமல் வாங்கி அனுப்பினாயே, அது இதற்குத்தான். எல்லாவற்றையும் விற்றாயிற்று. போட்டதைவிடக் குறைவுதான், வருத்தப்படாதே, பல் பிடுங்கவே செலவாகிறது. விற்ற நாலாம் நாள் தேர்தல் முடிவு வந்தது, உங்கள் பங்கு கூரை ஏறி உட்கார்ந்தது. நான் உன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர், பரவாயில்ல, பொண்ணு கம்பெனி நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்தார். அணைத்ததும் வீடு எவ்வளவு அமைதியாகிவிட்டது என்று இரண்டு பேருக்கும் ஆச்சரியமாக இருந்தது. ஸ்பீக்கர் பொத்தானின் மேல் நான் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன், அது தொடுதிரை, ஒட்டினால் நிற்காது என்கிறார், நிற்காவிட்டாலும் அவருக்கு ஞாபகம் வரும் இல்லையா.

உன் கறுப்பு பேண்ட் இரண்டையும் தனியாகப் பார்சலில் அனுப்புகிறேன், விளிம்பை மட்டும் மடித்துத் தைத்திருக்கிறேன், இடுப்பைத் தொடவில்லை. உறையில் ஒரு அளவு டேப் வைத்திருக்கிறேன். இடுப்பை அளந்து எழுது. இறுக்கிப் பிடித்தோ தளர்த்திப் பிடித்தோ பொய் அளவு எழுதாதே, நான் கண்டுபிடித்துவிடுவேன். நீ சாப்பிடுகிறாயா இல்லையா என்று எனக்கு நம்பிக்கையாகச் சொல்லக்கூடிய ஒரே செய்தி அதுதான். ஈரத் தலையோடு படுக்காதே. ராத்திரி வேலையைக் கட்டிலுக்குக் கொண்டுவராதே. நீ அழுத அன்று என்ன நடந்தது என்று நான் கேட்கப் போவதில்லை, கேட்க வேண்டிய ஆள் நானில்லை. உன் அப்பா தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்றார், கீழே இடம் விட்டிருக்கிறேன். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்க, மனசு நிறைந்து நூறாண்டு இருக்க, எங்கள் இரண்டு பேரின் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. டேப்பை மறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

கண்ணு, அன்று நீ அழுதபோது கேட்க வேண்டியதை விட்டுவிட்டு நான் வேறு எதையோ கேட்டேன். இப்போது கேட்கிறேன். ஏம்மா அழுதாய்?
அப்பா