நிற்காத மீட்டர் சக்கரம்

வத்சலா,

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் புறப்பட்டேன். ரசம் சமையல் மேடையில் இருக்கிறது, சுடவைத்துக்கொள். வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டு பீபீஜியிடம் கொடு.

நேற்று எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகும் மீட்டர் சக்கரம் சுற்றியது. உன் அம்மாதான் என்றேன்.

"அவ படத்துக்கு முன்னால ஸ்விட்ச் இல்லாம எரியற ஜீரோ வாட் பல்புப்பா! பேர்தான் ஜீரோ, பதினஞ்சு வாட் இழுக்கும். அறுபத்தேழு மணி நேரம் எரிஞ்சா ஒரு யூனிட். அம்மா போயாச்சு!" என்று கத்தினாய்.

பிசிக்ஸ் படிக்கிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். காலையில் பல்பைக் கழற்றிவிட்டேன். சக்கரம் நிற்கவில்லை.

நீ வரச்சொன்ன எலக்ட்ரீஷியனைத் திருப்பி அனுப்பிவிடு.

அப்பா

பி.கு.: நீ பார்க்கும்போது சக்கரம் நின்றிருந்தால் பயப்படாதே. அவளும் என்னோடு மார்க்கெட்டுக்கு வந்திருக்கிறாள்.