இரண்டு கயிறு, ஒரு கை

பனிமய மாதா துணை

திரேஸ்புரம்,
21.4.2025

ஏளா ஜெஸ்லின், என் தங்கமே,

நேரத்துக்குச் சாப்பிடுதியா? பத்தாம் வகுப்புப் பாடத்தை லீவிலேயே தொடங்கிட்டாங்கன்னு உங்கம்மா சொன்னா. பிள்ளைகளை ஒரு மாசம் வீட்டுக்கு விட்டால் பள்ளிக்கூடம் இடிஞ்சா விழுந்துரும்? போனில் எனக்குப் பேச்சு பிடிபட மாட்டேங்கு, அதான் எழுதுகிறேன். எழுத்துன்னா அஞ்சாம் வகுப்பில் நான்தான் முதல் ஆள், தெரியும்லா.

இங்கன ஒரு விஷயம். செல்வின் மாமா கப்பல் வேலைக்குப் போயிட்டான். உங்கப்பா சங்கு குளிக்க இறங்கினால் மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்கிறது இத்தனை வருஷமும் அவன்தானே. நம்ம ஆளுகள் மச்சான் கையிலதான் கயிறைக் கொடுப்பாங்க. கூடப்பிறந்தவ முகத்துல முழிக்கணும்லா, கீழேருந்து கயிறை ஆட்டினால் உடனே இழுப்பான், அவன் கண்ணு அங்கன இங்கன போகாது.

இப்போ வள்ளக்காரர் புது ஆள் போடவில்லை. கூட இறங்குற முத்துச்செல்வத்துக்கு அவன் மச்சான் பாண்டியராஜன் பிடிக்கானே, அவனே உங்கப்பாவுக்கும் சேர்த்துப் பிடிக்கட்டும்னுட்டார். தண்ணிக்குள்ள ரெண்டு பேர், மேலே ஒருத்தன். பயமா இருக்குன்னு சொன்னால் உங்கப்பா ரெக்சன் சிரிக்கான். நீ படிக்கிற பிள்ளை. இது சரியா தப்பான்னு நீ எழுது.

உன் ஆச்சி,
கிருபை


நாசரேத்,
26.4.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

சாப்பிடுகிறேன். ஹாஸ்டல் சாம்பாரில் முகம் பார்க்கலாம், அவ்வளவு தெளிவு.

கணக்கில் முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'. ஜெபசுதா டீச்சர் போர்டில் ரெண்டு வட்டம் போட்டாங்க. இடது வட்டத்தில் உள்ளவங்களிடமிருந்து வலது வட்டத்துக்கு அம்பு போடணும். எப்படி வேணும்னாலும் போட்டால் அது உறவு. ஆனால் இடது பக்கம் உள்ள ஒவ்வொருத்தருக்கும் கட்டாயம் ஒரு அம்பு இருக்கணும், ஒண்ணுக்கு மேல இருக்கவும் கூடாது என்றால் அதுதான் சார்பு. ஒருத்தர் அம்பு இல்லாமல் நின்றாலும் கெட்டுப்போகும்.

உங்க லெட்டர் வந்ததும் நம்ம வள்ளத்தையே போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் அப்பா, முத்துச்செல்வம் மாமா. வலது பக்கம் பாண்டியராஜன் மாமா. ரெண்டு அம்பும் அவர் மேலேயே விழுது. அது தப்பில்லை ஆச்சி! 'பலவற்றிற்கு ஒன்றான சார்பு'ன்னு புத்தகத்திலேயே இருக்கு. ஆள் இல்லாமல் யாரும் இறங்கலை, அதுதான் முக்கியம். டீச்சர் பார்த்துட்டு, "பரவாயில்லையே ஏளா, கடலையே கொண்டு வந்துட்டியே"ன்னு ரைட் போட்டாங்க. படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பயப்படாதீங்க.

உங்கள் பேத்தி,
ஜெஸ்லின்


திரேஸ்புரம்,
2.5.2025

என் ராசாத்திக்கு,

படம் வந்தது. குழாயடியில் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். முத்துச்செல்வம் பெண்டாட்டி முத்துமாரியும் பயந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா. "எங்க அண்ணன் ஒருத்தன்தானே ஆச்சி, அவன் கண்ணை ரெண்டு கயித்துக்கும் பங்கு போட்டா எப்படி"ன்னு கேட்டா. "ஏளா, என் பேத்தி கணக்குப் போட்டுட்டா, டீச்சர் ரைட்டும் போட்டாச்சு, போய் உலை வை"ன்னேன். சிரிச்சுக்கிட்டே போனா.

உங்கப்பா படத்தை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சிருக்கான்.

இவ்வளவு எழுதினாலும், வள்ளம் போனால் அது திரும்பி வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு. ஏன்னு தெரியலை. படத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கு.

ஆச்சி


நாசரேத்,
7.5.2025

ஆச்சி,

இந்த லெட்டர் வந்ததும் அப்பாவைக் கடலுக்கு விடாதீங்க. நான் பாதிதான் சொல்லியிருக்கேன்.

இன்னைக்கு டீச்சர் அம்பையெல்லாம் திருப்பிப் போடச் சொன்னாங்க, வலது வட்டத்திலிருந்து இடது வட்டத்துக்கு. நம்ம வள்ளத்தைத் திருப்பினேன். பாண்டியராஜன் மாமாவிடமிருந்து ரெண்டு அம்பு கிளம்புது. ஒருத்தரிடமிருந்து ரெண்டு கிளம்பினால் அது சார்பே இல்லை. செல்வின் மாமா இருந்தப்போ திருப்பினாலும் சரியாக இருந்தது. இப்போ இல்லை.

இறங்குகிற அப்பாவுக்கு மேலே யார்னு தெரியும். கயிறு ஆடினால் மேலே இருக்கிறவருக்குக் கீழே யார்னு தெரியணும்லா? நீரோட்டத்தில் ரெண்டு கயிறும் பின்னிக்கிட்டால்?

டீச்சர் போனில் அப்பாவைக் கூப்பிட்டேன். "போன வாரம் சரின்னே, இந்த வாரம் தப்புங்கே. ரைட் போட்டாச்சுல்லா, போய்ப் படி"ன்னு சிரிச்சாங்க. ஆச்சிகிட்ட சொல்லுங்கன்னு சொல்றதுக்குள்ள வெச்சுட்டாங்க. நீங்க சொன்னால் கேட்பாங்க.

ஜெஸ்லின்


திரேஸ்புரம்,
13.5.2025

ஜெஸ்லின்,

உங்கப்பா வீட்டில் இருக்கான். அதை முதல்ல எழுதிட்டேன். இனி மெதுவா வாசி.

உன் லெட்டர் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. வள்ளம் விடியலிலேயே போயாச்சு. லெட்டரோட கரைக்கு ஓடினேன். வள்ளம் வரும்போது உங்கப்பா நின்னுக்கிட்டு வந்தான். முத்துச்செல்வத்தைப் படுக்கப் போட்டுக் கொண்டு வந்தாங்க.

அடியில அவன் மூச்சுக்கு வள்ளத்துல இருந்து காத்து வர்ற டியூப் பாறையில மடங்கிட்டு. கயித்தை ஆட்டியிருக்கான். நீ எழுதின மாதிரியே ரெண்டு கயிறும் பின்னிக் கிடந்திருக்கு. பாண்டியராஜன் உங்கப்பாவை இழுத்துட்டான். "என்னை எதுக்குல இழுத்தே?"ன்னு உங்கப்பா கேட்ட பிறகுதான் அவனுக்கே தெரிஞ்சிருக்கு. அதுக்குள்ள முத்துச்செல்வம் எல்லாத்தையும் உதறிட்டு ஒரே பாய்ச்சல்ல மேலே வந்துட்டான். ஆழத்துல இருந்து அப்படிச் சட்டுன்னு வந்தால் உடம்பு முடங்கிரும்லா. உயிர் இருக்கு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

ஆஸ்பத்திரியில முத்துமாரி தன் அண்ணன் முகத்தைப் பார்க்க மாட்டேங்கா. அவன் வார்டு வாசல்லயே கிடக்கான். என்னையும் அவ பார்க்கலை. போய் உலை வைன்னு சொன்னவ நான்தானே.

நேத்து உன் லெட்டரைக் கொண்டு போனேன். உங்கம்மா வேண்டாம்னு மறிச்சா. முதல் லெட்டரை ஊரே கேக்க வாசிச்ச வாய், இதை மட்டும் விழுங்குமா? முத்துமாரி பக்கத்துல உட்கார்ந்து முழுசும் வாசிச்சேன்.

"இது முந்தின நாளே வந்திருந்தா நிறுத்தியிருப்பீங்களா ஆச்சி?"

"நிறுத்தியிருப்பேன்ளா."

"உங்க மகனை மட்டுமா, என் வீட்டுக்காரரையுமா?"

சத்தியமா அன்னைக்கு ஓடும்போது ரெக்சன் பேரைத்தான் சொல்லிக்கிட்டே ஓடினேன்.

பாண்டியராஜனை இப்போ யாரும் வள்ளத்துல ஏத்த மாட்டேங்காங்க. உங்கப்பாதான், "அவன் எனக்குப் பிடிக்கட்டும்"ங்கான். வாற திங்கக்கிழமை ரெண்டு பேரும் போறாங்க. ஒருத்தன் கீழே, ஒருத்தன் மேலே. நானே ரெண்டு வட்டம் போட்டு அம்பைத் திருப்பிப் பார்த்துட்டேன். சரியாத்தான் வருது.

ஆனால் காபி வாங்கும்போது பார்த்தேன், பாண்டியராஜன் கை நடுங்குது ஏளா. டம்ளரைப் பிடிக்க முடியலை. அதை எந்த வட்டத்துல போடணும்? உன் புத்தகத்துல இருந்தால் எழுது. இல்லைன்னால், தெரியலை ஆச்சின்னு எழுது. இந்தத் தடவை யாருக்கும் வாசிச்சுக் காட்ட மாட்டேன்.

கிருபை