அண்ணன் நிறுத்திய மாத்திரை

சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே. இங்கே சுகமா என்பதைப் படித்துவிட்டு நீயே சொல்.

உன் அண்ணன் போனில் உன்னிடம் கழுத்துப் பிடிப்பு, சின்ன வைத்தியம் என்றானாம். சின்னதாம்! முடிவெட்டப் போனால் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கச் சொல்வது அவன் வழக்கம். அன்று கடைக்காரர் போதும் சார் என்று கையை எடுத்த பிறகும், இடது பக்கம் சத்தமே வரலை, இன்னும் நல்லா திருப்புங்க என்று இவனே கேட்டு வாங்கியிருக்கிறான். நாற்பத்தாறு வயது, கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். மறுநாள் வகுப்பில் சாக்பீஸ் கையிலிருந்து நழுவியது, பேச்சு குழறியது. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, அதற்குள் ரத்தம் புகுந்து வழியை அடைக்கிறது என்றார் டாக்டர். பெரும்பாலும் மாத்திரையிலேயே ஆறிவிடுமாம். இவனுக்கு மாத்திரை சாப்பிட்டும் கை இரண்டு முறை மரத்துப்போகவே, தொடை வழியாக ஒரு வலைக்குழாயை அனுப்பிக் கிழிசலை அழுத்தி வைத்தார்கள், ஸ்டென்ட் என்று பெயர். ஒப்புதல் படிவத்தில் வயதை அறுபத்து நான்கு என்று எழுதியிருந்தார்கள். திருத்தும்வரை நான் பேனாவைத் திறக்கவில்லை.

ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை, எங்களைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தாதீங்க, நிறுத்தினா குழாய்க்குள்ளேயே ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரும் என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். பதினைந்தாம் நாள் சவரத்தில் ஒரு கீறல், ரத்தம் சீக்கிரம் நிற்கவில்லையாம், உன் அண்ணன், பெரிய துரை, தானாகவே ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார். தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் நான்கு மீதி இருந்ததைக் கண்டுபிடித்தவள் நான். கேட்டால், ரெண்டும் ஒரே வேலைதானேம்மா செய்யுது என்கிறான். இவனிடம் படிக்கும் பிள்ளைகள் பாவம். டாக்டருக்கு அவனையே போன் செய்து சொல்ல வைத்தேன், அவர் அவனைத் திட்டி விட்ட டோஸ் எனக்குப் பரம திருப்தி. உடனே வரச்சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் ஓர் ஓரத்தில் ரத்தம் படிய ஆரம்பித்திருக்கிறது, மாத்திரையில் கரைகிறதா என்று அடுத்த வெள்ளிக்கிழமை பார்ப்பார்களாம்.

அன்றிலிருந்து மாத்திரையை நானே கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். நான் என்ன குழந்தையாம்மா என்றான். குழந்தை சொன்னால் கேட்கும் என்றேன். தினமும் இப்படி ஏதாவது வாயாடுவான். இன்று காலையில் நான் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்து காட்டினான். ஒரு கேலியும் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

வரட்டுமா என்று நீ கேட்டபோது, எதற்கு வீண் கூட்டம் என்றேன். அதை விட்டுவிடு. வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர். மாப்பிள்ளையும் கழுத்தைச் சொடுக்குகிறவர்தான், கிளம்புமுன் கண்டித்து வை. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

உன் அம்மா